இயற்பியல் படித்துவிட்டு சூப்பர் கம்ப்யூட்டர் பக்கம் போவது எப்படி?

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு கண்முன் தெரிகிற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நெட் எழுதி கல்லூரிக்குப் போகலாம், பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகலாம், இல்லையென்றால் படித்ததையெல்லாம் பரணில் போட்டுவிட்டு ஐடி கம்பெனிக்குப் போகலாம். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. புயல் எப்படி நகரும், நட்சத்திரம் எப்படி வெடிக்கும், எஞ்சினுக்குள் தீ எப்படிப் பரவும் என்று சூப்பர் கம்ப்யூட்டர்கள் கணக்குப் போட்டுக் கொட்டுகிற எண்களை, பார்த்தால் புரிகிற படமாக மாற்றும் வேலை அது. கூடவே அந்தக் கணக்கே ஆயிரக்கணக்கான கோர்களில் (கணினிச் சிப்புக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகள்) ஒழுங்காக ஓடும்படி பார்த்துக்கொள்ளும் வேலையும் உண்டு. முதலாவதை அறிவியல் காட்சிப்படுத்தல் என்கிறார்கள், இரண்டாவதை உயர்திறன் கணிப்பு, சுருக்கமாக ஹெச்பிசி. பல இடங்களில் இரண்டும் ஒரே ஆள் தலையில்தான் விழும், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லையே" என்று தயங்க வேண்டாம். இந்தத் துறைக்குப் பாதை போட்டவர்களில் இயற்பியல்காரர்கள் நிறையப் பேர். 1979இல் பிரான்சில் ழான்-பியர் லூமினே என்பவர், கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டு தொலைவிலிருந்து எப்படித் தெரியும் என்று ஐபிஎம் 7040 கணினியில் கணக்கிட்டார். அதைப் படமாக்க ஏற்ற கருவி அப்போது கையில் இல்லை, அதனால் எண்களைப் பார்த்துப் பார்த்து மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வரைந்தார். அந்தப் படத்தில் தட்டின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் நம்மை நோக்கி வேகமாக வரும் வாயுவின் ஒளி கூடித் தெரியும். 2019இல் எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளியானபோதும் வளையத்தின் ஒரு பக்கம்தான் பிரகாசமாக இருந்தது.

அமெரிக்காவில் லாரி ஸ்மார் கதை இன்னும் நேரடியானது. கருந்துளை மோதல்களைக் கணினியில் தீர்க்க முயன்ற இயற்பியலாளர் அவர். சொந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சூப்பர் கம்ப்யூட்டர் கிடைக்காத காலத்தில் ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்த அமெரிக்கத் தயாரிப்பான க்ரே கணினியில் வேலை செய்தார். அது உறுத்தியதால் 1983இல் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஒரு முன்மொழிவு அனுப்பினார். அதிலிருந்துதான் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்சிஎஸ்ஏ என்ற மையம் வந்தது. டானா காக்ஸ் என்ற ஓவியக் கலைஞர் அங்கே விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து அவர்களுடைய எண்களைப் படமாக்கும் வேலை செய்தார். பெரிய அறிவியல் தரவுகளைச் சேமிக்க இன்று பலரும் பயன்படுத்துகிற ஹெச்டிஎஃப் கோப்பு வடிவமும் அங்கே பிறந்ததுதான்.

இந்த வேலையில் இயற்பியல்காரருக்கு இருக்கும் அனுகூலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: படம் பொய் சொன்னால் அவருக்குத் தெரியும். அழகாகப் படம் போட ஆள் கிடைப்பார்கள், வேகமாக நிரல் எழுதவும் கிடைப்பார்கள். "இந்த இடத்தில் அழுத்தம் இப்படி ஏறக் கூடாதே" என்று திரையைப் பார்த்தவுடன் சொல்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. கீழே சொல்கிற எல்லாப் படிகளும் அந்த ஒரு திறமையை இழக்காமல் மற்றதைச் சேர்த்துக்கொள்வதற்குத்தான்.

முதல் படி: ஒரே ஒரு சமன்பாடு

புதிதாக வருகிறவர்கள் பலர் நேராக ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்), அதற்கு நிரல் எழுத உதவும் கூடா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சமன்பாட்டைப் பிடியுங்கள். இரு பரிமாண வெப்பக் கடத்தல் சமன்பாடு போதும், அலைச் சமன்பாடும் சரிதான். அதையே கடைசிப் படி வரை இழுத்துக்கொண்டு போகப் போகிறீர்கள்.

ஒரு சதுரத் தகடு, ஓரங்களில் வெப்பநிலை பூஜ்யம், தொடக்கத்தில் நடுவில் சூடு. இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் அடுத்த கண வெப்பநிலையை அதன் இப்போதைய வெப்பநிலையிலிருந்தும் நான்கு அண்டைப் புள்ளிகளிலிருந்தும் கணக்கிடுங்கள். பைத்தானில் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். இந்த எளிய முறையில் காலப்படி ஒரு எல்லையைத் தாண்டக் கூடாது: கட்ட இடைவெளியின் வர்க்கத்தை, வெப்பப் பரவல் எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதுதான் அந்த எல்லை. வேண்டுமென்றே ஒருமுறை அதைத் தாண்டிப் பாருங்கள், தகடு முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் முளைத்து எண்கள் வெடித்துப் போகும். அந்தப் படத்தைக் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வேறொருவரின் பெரிய சிமுலேஷனில் அதே மாதிரிக் கட்டங்கள் லேசாகத் தெரிந்தால் உங்களுக்கு உடனே சந்தேகம் வரும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் இரு பரிமாணத்தில் புள்ளிகள் 4 மடங்கு, காலப்படியும் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும், ஆக வேலை 16 மடங்கு. முப்பரிமாணத்தில் 32 மடங்கு. சூப்பர் கம்ப்யூட்டர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

விடை சரியா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஓரலகுச் சதுரத்தில் தொடக்க வெப்பநிலை இரு திசையிலும் அரைச் சைன் அலையாக இருந்தால் தீர்வு காகிதத்திலேயே கிடைக்கும், வடிவம் மாறாமல் உயரம் மட்டும் அடுக்குக்குறி வீதத்தில் தேயும். உங்கள் நிரல் அதைத் தருகிறதா? தரவில்லை என்றால் ஆயிரம் கோரில் ஓட்டினாலும் தப்பான விடை வேகமாக வரும், அவ்வளவுதான்.

கருவிகள், சுருக்கமாக

லினக்ஸ் கட்டாயம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும் வெளியாகிறது. 2017 நவம்பர் முதல் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் மடிக்கணினியிலும் அதையே போட்டு, மவுஸைத் தொடாமல் கட்டளை வரியிலேயே கொஞ்ச காலம் வாழுங்கள். நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் பழகுங்கள். பைத்தான் வேண்டும், அதோடு சி++ அல்லது ஃபோர்ட்ரான், இரண்டில் ஒன்று. ஃபோர்ட்ரான் செத்துப் போன மொழி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், வானிலை மாதிரிகள் பலவும் இன்றும் அதில்தான் இருக்கின்றன. சி++ முழுவதையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை, அது ஒரு ஆயுளுக்கும் முடியாது.

பாராவியூ

காட்சிப்படுத்தலுக்கு நான் சொல்வது பாராவியூ. 2000இல் கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள், இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இதன் அடியில் விடிகே என்ற நூலகம், அதாவது படம் வரைய உதவும் தயார் நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது. லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வந்த விஸிட் என்பதும் நல்ல மென்பொருள்தான், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் படித்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறுவியதும் கூடவே வரும் மாதிரித் தரவுகளில் டிஸ்க்-அவுட்-ரெஃப் (disk_out_ref) என்ற கோப்பைத் திறங்கள். சூடான, சுழலும் ஒரு தட்டைச் சுற்றிக் காற்று ஓடுகிற சிமுலேஷன் அது. வெப்பநிலை, அழுத்தம், திசைவேகம் எல்லாம் உள்ளே இருக்கும். திறந்ததும் ஒன்றும் தெரியாது, அப்ளை பொத்தானை அழுத்த வேண்டும், புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பிறகு வரிசையாகச் செய்யுங்கள். ஸ்லைஸ் போட்டுக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். கான்டூர் போட்டு ஒரே வெப்பநிலை உள்ள பரப்பை எடுங்கள். ஸ்ட்ரீம் டிரேசர் போட்டு ஓட்டக் கோடுகளை வரைந்து, அவற்றை டியூப் ஆக்கி, வெப்பநிலையால் நிறம் கொடுங்கள். சூடான காற்று மேலே எழுவதும் சுழல்வதும் ஒரே படத்தில் வந்துவிடும்.

ஒவ்வொன்றையும் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கான்டூர் எப்படிப் பரப்பைக் கண்டுபிடிக்கிறது? 1987இல் லோரன்சனும் க்ளைனும் வெளியிட்ட மார்ச்சிங் க்யூப்ஸ் என்ற முறையின் வழித்தோன்றல்தான் அது. ஒவ்வொரு கனசதுரத்தின் எட்டு மூலைகளையும் பார்த்து, பரப்பு எந்தப் பக்கத்தில் நுழைந்து எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறது என்று முக்கோணங்களால் தைக்கிறது. இரு கட்டப் புள்ளிகளுக்கு நடுவில் மதிப்பு நேர்கோட்டில் மாறுவதாக அது எடுத்துக்கொள்கிறது, உங்கள் இயற்பியலில் நடுவில் ஓர் அதிர்ச்சி அலை இருந்தால் அந்த அனுமானம் உதைக்கும். ஓட்டக் கோடுகளிலும் இதே கதை. காலத்தோடு மாறும் ஓட்டத்தில் ஒரு கணத்தின் ஓட்டக் கோடு வேறு, ஒரு துகள் உண்மையில் போன பாதை வேறு. படத்தைப் பார்த்து "துகள் இப்படித்தான் போனது" என்று மேடையில் சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். நீங்கள் சொல்லாதீர்கள்.

கையால் செய்ததையெல்லாம் நிரலாக்கவும் பழகுங்கள். டூல்ஸ் பகுதியில் டிரேஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்கிவிட்டு நீங்கள் செய்கிற ஒவ்வொரு செயலையும் அது பைத்தான் நிரலாக எழுதித் தரும். அதைத் திருத்தி ஆயிரம் காலப்படிகளுக்கும் ஓட்டினால் உங்கள் முதல் அனிமேஷன் தயார்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்

வானவில் நிறங்களைப் பயன்படுத்தாதீர்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடும் அந்த வரிசையில் மஞ்சள் மட்டும் கண்ணுக்குத் தனியாகப் பளிச்சிடும். தரவில் எந்த விளிம்பும் இல்லாத இடத்தில் ஒரு விளிம்பு இருப்பதுபோல் தோன்றும், பச்சைப் பகுதிக்குள் இருக்கும் உண்மையான மாற்றங்கள் கண்ணில் படாமல் போகும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் சிக்கல் உண்டு, உங்கள் கட்டுரையை மதிப்பிடுகிறவர் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம். பைத்தானில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் நூலகம் வானவில்லைக் கைவிட்டு விரிடிஸ் என்ற நிறவரிசையை இயல்பாக்கியது இதனால்தான். அடர் ஊதாவிலிருந்து மஞ்சள் வரை வெளிச்சம் சீராக ஏறும், கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டாலும் பொருள் கெடாது. பூஜ்யத்துக்கு இருபக்கமும் மதிப்பு உள்ள அளவு என்றால், சுழிமை (vorticity) போன்றவை, நடுவில் வெளிறி இருபுறமும் அடர்த்தியாகும் வரிசையை எடுத்து, வெளிறிய இடம் சரியாகப் பூஜ்யத்தில் விழும்படி வையுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. அனிமேஷனில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் நிற எல்லை தானாக மாறும்படி விட்டுவிட்டால், உங்கள் தகடு குளிர்ந்துகொண்டே போனாலும் படத்தில் அதே சூட்டோடு இருக்கும். எல்லாக் காலப்படிகளுக்கும் ஒரே எல்லையைக் கட்டி வையுங்கள். நிறப்பட்டையில் அலகு போடுங்கள். அலகில்லாத படத்தை நான் வால்பேப்பர் என்றுதான் சொல்வேன்.

இணைநிலைக் கணிப்பு

இப்போது அந்த வெப்ப நிரலை சி++ அல்லது ஃபோர்ட்ரானில் மறுபடி எழுதுங்கள். முதலில் ஓப்பன்எம்பி, ஒரே கணினியின் பல கோர்களுக்கு வேலையைப் பிரிக்கும், நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுழலுக்கு (loop) மேலே ஒரு வரி சேர்த்தால் ஆரம்பித்துவிடலாம். அடுத்து எம்பிஐ, பல கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சேர்ந்து கணக்கிட உதவுவது. இதன் முதல் தரநிலை 1994இல் வந்தது, இன்றைக்கும் பெரிய கணினிகள் இதை நம்பித்தான் இருக்கின்றன. தகட்டைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் ஒரு பிராசஸுக்குக் கொடுக்கிறோம். ஓரப் புள்ளிகளுக்குப் பக்கத்துத் துண்டின் மதிப்பு தேவை, அதனால் ஒவ்வொரு காலப்படியிலும் ஓர வரிசைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்தப் பரிமாற்றத்தில் ஒரு சிறு தவறு இருந்தால் நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது, எண்களும் பார்க்க நியாயமாகவே இருக்கும். பாராவியூவில் போட்டால் துண்டுகள் சேரும் இடத்தில் தையல் போட்டதுபோல் ஒரு கோடு தெரியும். காட்சிப்படுத்தலும் ஹெச்பிசியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வேகத்தை அளங்கள். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது எளிமையானது: நிரலில் 5 சதவீதம் பிரிக்க முடியாத வேலையாக இருந்தால், எத்தனை கோர் கொடுத்தாலும் 20 மடங்குக்கு மேல் போகாது. 64 கோர் கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 15 மடங்குதான். கோர் எண்ணிக்கைக்கு எதிராக வேகத்தை வரைந்து ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணினி நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். ஜிபியு இதற்குப் பிறகு வரட்டும்.

பெரிய கணினியில் கால் வைப்பது

இந்தியாவில் 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. புணேயில் இருக்கும் அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதை நடத்துகின்றன. அதன்கீழ் 2022இல் திருச்சி என்ஐடிக்கு வந்த இயந்திரத்தின் பெயர் பரம் பொருள், 838 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்). பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பெங்களூரில் இருக்கும் பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ், அதாவது 3,300 டெராஃபிளாப்ஸ். சென்னை கணித அறிவியல் கழகம் 2004லேயே கப்ரு என்ற கிளஸ்டரை (பல கணினிகளைக் கோத்த தொகுப்பு) கட்டி, குவார்க்குகள் பற்றிய லாட்டிஸ் (வெளியைக் கட்டங்களாகப் பிரித்துப் போடும்) கணக்குகளை அதில் ஓட்டியது. நீங்கள் மாணவர் என்றால் கணக்கு பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் பெயர் வழியாகத்தான் கிடைக்கும், ஆகவே மெஷினைத் தேடாதீர்கள், அதில் ஏற்கெனவே வேலை செய்கிற ஆளைத் தேடுங்கள். அதுவும் அமையவில்லையா, கல்லூரி ஆய்வகத்தில் நாலு பழைய கணினிகளைக் கேபிளில் கோத்து எம்பிஐ ஓட்டுங்கள், கற்றுக்கொள்ள அதுவே போதும்.

உள்ளே போனதும் சில பழக்கவழக்கங்கள். லாகின் நோடில் கனமான எதையும் ஓட்டாதீர்கள், அது எல்லோரும் நுழையும் வாசல், அங்கே சிமுலேஷன் ஓட்டினால் அன்றைக்கே நிர்வாகியிடமிருந்து அஞ்சல் வரும். வேலையை ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாளரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை கோர், எவ்வளவு நேரம் என்று எழுதி. பயத்தில் எல்லோரும் அதிகபட்ச நேரத்தைக் கேட்பார்கள். உண்மையாகத் தேவைப்படும் நேரத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கேளுங்கள், சின்ன வேலைகளைப் பெரிய வேலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் மேலாளர் செருகிவிடும், வரிசை சீக்கிரம் நகரும். ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பு வட்டில் இருப்பதை நிரந்தரம் என்று நம்பாதீர்கள், பல மையங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள்.

இங்கேதான் தரவின் அளவு உறைக்கும். ஒரு திசைக்கு 1,024 புள்ளி உள்ள முப்பரிமாணக் கட்டத்தில் ஒரே ஒரு மாறியை இரட்டைத் துல்லியத்தில் எழுதினாலே சுமார் 8 ஜிபி. மூன்று திசைவேகங்கள், ஒரு அழுத்தம் என்றால் ஒரு காலப்படிக்கு 32 ஜிபி. ஆயிரம் காலப்படிகளுக்கு 32 டிபி. இதை வீட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கணினியில் திறக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாராவியூவின் சர்வர் பகுதியைக் கிளஸ்டரில் ஓட்டி, உங்கள் கணினியிலிருந்து அதனோடு இணையலாம், கனமான வேலை அங்கே நடக்கும், படம் மட்டும் இங்கே வரும். இரு பக்கமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் இணையாது. இதைவிடப் பெரிய கணக்குகளில் வட்டில் எழுதுவதே கட்டுப்படியாகாது, கணிக்கும் வேகம் கூடின அளவுக்கு எழுதும் வேகம் கூடவில்லை. அதனால் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் இருக்கும் தரவிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறார்கள். இதற்கு இன்-சிட்டு என்று பெயர், கேட்டலிஸ்ட், அசென்ட் போன்ற நூலகங்கள் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருக்கும் ஃபிரான்டியர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022இல் எக்ஸாஃபிளாப்ஸ் (ஆயிரம் பெட்டாஃபிளாப்ஸ்) எல்லையைத் தாண்டியது. அந்த அளவில் எதைப் படமெடுக்க வேண்டும் என்று ஓட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்ய இயற்பியல் தெரிந்த ஆள் வேண்டும், உங்களுக்கான இடம் அதுதான்.

சொந்தத் தரவு சலித்துவிட்டால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொந்தளிப்புத் தரவுத்தளமும், இல்லஸ்ட்ரிஸ்-டிஎன்ஜி அண்டவியல் சிமுலேஷன்களும் பொதுவில் கிடைக்கின்றன. ஐஇஇஇ விஸ் மாநாட்டின் காட்சிப்படுத்தல் போட்டிகளுக்குக் கொடுத்த தரவுகளையும் எடுத்துப் பயிற்சி செய்யலாம்.

வேலை

விளம்பரங்களில் "விஷுவலைசேஷன் விஞ்ஞானி" என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். ஹெச்பிசி அப்ளிகேஷன் எஞ்சினியர், கம்ப்யூடேஷனல் சயின்டிஸ்ட், ரிசர்ச் சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்ற பெயர்களிலும் தேடுங்கள். உள்நாட்டில் சி-டாக், வானிலை மையங்கள், இஸ்ரோ, அணுசக்தித் துறை ஆய்வகங்கள். தனியாரில் பெங்களூரு, சென்னை, புணேயில் திரவ ஓட்டக் கணிப்பு செய்யும் பொறியியல் நிறுவனங்கள், எண்ணெய்த் துறையின் நில அதிர்வுத் தரவு, மருத்துவப் படிமங்கள், ஜிபியு தயாரிப்பாளர்கள். வெளிநாட்டில் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் உள்ள ஜெர்மனியின் கார்ஷிங், ஸ்விட்சர்லாந்தின் லுகானோ, சவூதியின் கவுஸ்ட் (KAUST) பல்கலைக்கழகம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். அமெரிக்க அணு ஆயுத ஆய்வகங்களில் பல பணிகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிஎச்.டி. வேண்டுமா? தேசிய ஆய்வகங்களில் விஞ்ஞானி என்ற பதவிக்கு அநேகமாக வேண்டும், எஞ்சினியர் பதவிக்குப் பல இடங்களில் வேண்டாம். பிஎச்.டி. செய்வதானால் இயற்பியலிலேயே செய்து, ஆய்வுக்குப் பெரிய சிமுலேஷன் தேவைப்படும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் இருக்கிறது, கணினி அறிவியலுக்கு மாறிவிட்டால் சம்பளம் கூடும் என்பார்கள், அதுவும் பொய்யில்லை.

விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவதைவிட, அந்த ஒரே வெப்பத் தகட்டு நிரலைப் பொதுவில் வையுங்கள். பைத்தான் வடிவம், எம்பிஐ வடிவம், காகிதத் தீர்வோடு ஒப்பிட்ட வரைபடம், கோர் எண்ணிக்கைக்கு எதிரான வேக வரைபடம், பாராவியூ நிரல், அலகு போட்ட ஒரு அனிமேஷன், ஓட்டும் முறை பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அப்புறம் பாராவியூவிலோ விடிகேயிலோ ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்புங்கள், ஆவணத்தில் ஒரு பத்தியைச் சரிசெய்தாலும் போதும். நேர்காணலில் உங்கள் படத்தைக் காட்டி "இதில் எது தப்பாக இருக்கலாம்?" என்று கேட்பார்கள், அதற்கு மூன்று பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.